டெல்டா விமானிகள் 38 மாதம் காத்திருந்து வாங்கிய ஒப்பந்தம்

2023 மார்ச் 1 அன்று டெல்டா ஏர்லைன்ஸ் விமானிகள் தங்கள் புதிய ஊதிய ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். வாக்களித்தவர்களில் 78 சதவீதம் பேர் ஆதரவு. கையெழுத்தான நாளிலேயே 18 சதவீத உயர்வு, அதன் மேல் 2024இல் 5, 2025இல் 4, 2026இல் இன்னொரு 4. ஒன்றின் மேல் ஒன்றாகக் கணக்கிட்டால் மொத்தம் 34 சதவீதம். நான்கு வருடங்களில் நிறுவனம் கூடுதலாகக் கொடுக்கப்போகும் தொகை 700 கோடி டாலருக்கு மேல். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது மலைக்க வைக்கும் எண்.

ஆனால் முந்தைய ஒப்பந்தத்தின் கெடு 2019 டிசம்பர் 31. அன்று தொடங்கி 38 மாதங்கள் அந்த விமானிகள் பழைய விகிதத்திலேயே பறந்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் விலைவாசி சுமார் 17 சதவீதம் ஏறியிருந்தது. ஆக, முதல் நாளில் வந்த 18 சதவீதம் விலைவாசி தின்றதைத் திருப்பிக் கொடுத்ததோடு சரி. உண்மையான உயர்வு என்பது அதற்குப் பிறகு வந்த 5, 4, 4 மட்டும்தான், அதிலிருந்தும் அந்தந்த வருட விலையேற்றத்தைக் கழிக்க வேண்டும். இந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது 34 என்ற எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள், 38 என்ற எண்ணைச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது புரியும். ஒரு இளம் விமானி எந்த நிறுவனத்தில் சேரலாம் என்று யோசிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரியும்.

மணிக்கணக்கும் சீனியாரிட்டி எண்ணும்

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் விமானிக்குச் சம்பளம் மணிக்கணக்கில். விமானம் கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரை உள்ள நேரம்தான் அடிப்படை. அதற்கு முன் வானிலை அறிக்கை பார்ப்பது, விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பது, பயணிகள் ஏறக் காத்திருப்பது எல்லாம் பெரும்பாலும் அந்தக் கணக்கில் தனியாக வராது. மாதத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு மணி நேரத்துக்குச் சம்பளம் என்ற உத்தரவாதம் உண்டு, பொதுவாக 70 மணியை ஒட்டி இருக்கும். மணிக்கு எவ்வளவு என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: கேப்டனா ஃபர்ஸ்ட் ஆபிசரா (அதாவது துணை விமானியா), எந்த ரக விமானம், அந்த நிறுவனத்தில் சேர்ந்து எத்தனை வருடம். இந்த மூன்றையும் வைத்து ஒரு அட்டவணை. அவ்வளவுதான். திறமையாக ஓட்டினார், நன்றாகப் பேசினார், மேலாளருக்குப் பிடித்தவர் என்பதற்கெல்லாம் அதில் இடம் இல்லை.

அட்டவணையில் யார் எந்தப் பெட்டியில் உட்காருவது என்பதைத் தீர்மானிப்பது சீனியாரிட்டி. வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கிடைக்கும். எந்த ஊரைத் தளமாக வைத்துக்கொள்வது, போயிங் 737 ஓட்டுவதா அட்லாண்டிக் தாண்டும் பெரிய விமானமா, தீபாவளி போல அவர்களுக்கு முக்கியமான கிறிஸ்துமஸ் வாரத்தில் விடுப்பு யாருக்கு, வீட்டில் போன் பக்கத்தில் உட்கார்ந்து அழைப்புக்குக் காத்திருக்கும் ரிசர்வ் பணி யாருக்கு, எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். ஆள் குறைப்பு வந்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே போவார்.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்துக்குப் போக முடியாது. ஒரு நிறுவனத்தில் 15 வருடம் கேப்டனாக இருந்தவர் டெல்டாவில் சேர்ந்தால், அன்று அவர் முதல் வருட ஃபர்ஸ்ட் ஆபிசர். அவருக்குக் கீழே பறந்த பையன் அவருக்கு ஒரு வாரம் முன்பு சேர்ந்திருந்தால் அவன்தான் சீனியர். மற்ற தொழில்களில் சம்பளம் சரியில்லை என்றால் ராஜினாமா கடிதத்தை நீட்டிப் பேரம் பேசலாம். நடு வயது தாண்டிய அமெரிக்க விமானிக்கு அந்த வழி கிடையாது. தனிமனிதராக அவர் கையில் பேர சக்தி எதுவும் இல்லை, சங்கம் போடும் ஒப்பந்தம் மட்டும்தான் இருக்கிறது. ஒப்பந்தம் தள்ளிப் போனால் அவருடைய வாழ்க்கையும் அப்படியே தள்ளி நிற்கிறது.

நிறுவனங்கள் இணையும்போது இந்த எண் என்ன பாடுபடும் என்பதற்கு டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தில் இருந்தவர்களின் கதை போதும். 2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியபோது அங்கிருந்த விமானிகளில் பெரும் பகுதியினர் அமெரிக்கனின் பட்டியலில் அடியில் ஒட்டப்பட்டார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஆள் குறைப்பு வந்தது, அடியில் இருந்தவர்கள்தான் போனார்கள். பல வருட அனுபவம் ஒரு பட்டியலின் வரிசையால் அழிந்தது. இந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் 2007இல் மெக்காஸ்கில்-பாண்ட் என்ற சட்டம் வந்தது. இணைப்பின்போது பட்டியல்களை நியாயமாகச் சேர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது.

காலக்கெடு இல்லாத சட்டம்

அமெரிக்க விமானிகளின் பேரங்கள் ஏன் இவ்வளவு இழுக்கின்றன என்ற கேள்விக்குப் பதில் 1926இல் இருக்கிறது. ரயில்வே தொழிலாளர் சட்டம் அந்த வருடம் வந்தது. ரயில் நின்றால் நாடே நின்றுவிடும் என்ற பயத்தில் எழுதப்பட்ட சட்டம். 1936இல் விமானத்துறையையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. கெடு என்று குறித்த தேதிக்குப் பிறகு அதைத் திருத்தலாம், அவ்வளவுதான். புதிய ஒப்பந்தம் வரும் வரை பழைய விதிகளும் பழைய சம்பளமும் அப்படியே தொடரும்.

இரு தரப்பும் பேசிப் பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் மூன்று உறுப்பினர் கொண்ட தேசிய மத்தியஸ்த வாரியத்திடம் போக வேண்டும். வாரியம் எத்தனை மாதமானாலும் பேச்சுவார்த்தையிலேயே வைத்திருக்கலாம், சட்டத்தில் அதற்கு எல்லை இல்லை. இனி பேசிப் பயனில்லை என்று வாரியம் முடிவு செய்து விடுவித்தால்தான் 30 நாள் அமைதிக் காலம் தொடங்கும். அந்த 30 நாளும் முடிந்த பிறகுதான் வேலைநிறுத்தம். அப்போதும் அதிபர் ஒரு அவசரக் குழுவை அமைத்துத் தடுக்கலாம், நாடாளுமன்றம் தலையிடலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அதிபர் கிளின்டன் நிறுத்திவைத்தார். பயணிகள் விமான நிறுவனம் ஒன்றில் விமானிகள் உண்மையிலேயே வேலையை நிறுத்தியது 2010 ஜூனில், ஸ்பிரிட் ஏர்லைன்ஸில், ஐந்து நாட்கள். டெல்டா ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் அதுதான் கடைசி வேலைநிறுத்தமாக இருந்தது.

விமானங்கள் நிற்காமல் ஓட வேண்டும் என்ற நோக்கத்தில் தவறில்லை. ஊர் போய்ச் சேர வேண்டிய பயணியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நானும் அதை ஏற்பேன். ஆனால் கடிகாரம் இல்லாத ஒரு ஏற்பாட்டில் தாமதத்தின் செலவு ஒரு பக்கம் மட்டுமே விழுகிறது. ஒவ்வொரு மாதமும் பழைய விகிதத்தில் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்துக்கு அது மிச்சம். பெறுபவருக்கு இழப்பு. கடைசியில் அரியர் வரும் என்றும் சட்டம் உறுதி தரவில்லை, அதையும் தனியாகப் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். டெல்டாவில் அப்படிப் பேசி வாங்கியது 2020, 2021 சம்பளங்களில் தலா 4 சதவீதமும், 2022 சம்பளத்தில் 14 சதவீதமும் ஒரே தவணையாக.

பழைய காயம்

டெல்டா விமானிகள் 2019இல் பேச உட்கார்ந்தபோது அவர்கள் நினைவில் 2004 இருந்தது. அந்த வருடம் நிறுவனம் திவாலாகாமல் தடுக்க 32.5 சதவீதச் சம்பள வெட்டுக்குச் சம்மதித்தார்கள். மறு வருடமே, 2005 செப்டம்பரில், நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 2006இல் இன்னொரு 14 சதவீதம் வெட்டு. அதே வருடம் விமானிகளின் ஓய்வூதியத் திட்டமும் முடிக்கப்பட்டது. முப்பது வருடம் பறந்தவர்கள் எதிர்பார்த்திருந்த ஓய்வூதியத்தில் பெரும் பகுதி காணாமல் போனது. நெருக்கடியில் கொடுத்தது லாபம் வந்தபோது தானாகத் திரும்பவில்லை. 2015இல் நிர்வாகமும் சங்கத் தலைமையும் கொண்டுவந்த ஒரு ஒப்பந்தத்தை 65 சதவீத விமானிகள் நிராகரித்ததற்கும், 2016இல் 30 சதவீத உயர்வு வந்த பிறகே ஒப்புக்கொண்டதற்கும் பின்னால் இந்தக் கணக்குதான் இருந்தது.

2019 பேச்சுவார்த்தை சூடு பிடிக்கும் நேரத்தில் கொரோனா வந்தது. வானம் காலியானது, பேச்சு நின்றது. டெல்டா 1,800க்கும் மேற்பட்ட விமானிகளை முன்கூட்டியே ஓய்வு பெற வைத்து அனுப்பியது. அவர்களில் பலர் பட்டியலின் மேலே இருந்த பெரிய விமானக் கேப்டன்கள். அப்புறம் 2021 கோடையில் கூட்டம் திரும்பி வந்தது, எதிர்பார்த்ததைவிட வேகமாக. ஓட்ட ஆள் போதவில்லை. ஒரு கேப்டன் ஓய்வு பெற்றால் அவர் இடத்துக்கு ஒருவர், அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர் என்று வரிசையாகப் பலர் புது ரக விமானத்தில் சிமுலேட்டர் பயிற்சி எடுக்க வேண்டும். 1,800 பேர் போனால் பயிற்சிக்கூடத்தில் அதைப் போலப் பல மடங்கு நெரிசல்.

2022 கோடையில் விமானங்கள் ரத்தாகிப் பயணிகள் தவித்தார்கள். ஆல்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷனின் டெல்டா பிரிவு ஜூன் மாதம் பயணிகளுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதியது. 2018, 2019 இரண்டு வருடங்களிலும் சேர்த்து ஓட்டிய ஓவர்டைமைவிட 2022இல் இலையுதிர் காலத்துக்குள்ளேயே அதிகம் ஓட்டியிருப்போம் என்று அதில் சொன்னார்கள். அந்த ஓவர்டைம் முழுவதும் 2019 விகிதத்தின் மேல் கணக்கிடப்பட்டது.

மூன்று நாட்கள்

இந்த நிகழ்வின் திருப்பம் 2022 அக்டோபர் 31, நவம்பர் 1, நவம்பர் 2 ஆகிய மூன்று நாட்களில் இருக்கிறது.

அக்டோபர் 31 அன்று டெல்டா விமானிகள், தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் செய்யச் சங்கத்துக்கு அதிகாரம் கொடுத்த வாக்கெடுப்பின் முடிவு வந்தது. 99 சதவீதம். மத்தியஸ்த வாரியம் விடுவிக்காமல் வேலைநிறுத்தம் சாத்தியமில்லை என்பது வாக்களித்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எத்தனை பேர் ஒன்றாக நிற்கிறார்கள் என்று நிர்வாகத்துக்குக் காட்ட வேறு வழி இல்லை. மறுநாள் யுனைடெட் ஏர்லைன்ஸ். 18 மாதங்களில் 14.5 சதவீத உயர்வு என்று அங்கே நிர்வாகமும் சங்கமும் கோடையிலேயே ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை விமானிகள் 94 சதவீத வாக்குகளில் தூக்கி எறிந்தார்கள். அதற்கு மறுநாள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கமான அல்லைடு பைலட்ஸ் அசோசியேஷனின் நிர்வாகக் குழு, நிறுவனம் கொடுத்த 19 சதவீத யோசனையை உறுப்பினர்களிடம் அனுப்பாமலேயே நிராகரித்தது.

மூன்று பெரிய நிறுவனங்களும் தாங்கள் கொடுக்க நினைத்த விலை சந்தையில் எடுபடாது என்பதை ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டன. ஒரு மாதம் கழித்து, டிசம்பர் தொடக்கத்தில், டெல்டா 34 சதவீதத்துடன் வந்தது. 14.5க்கும் 34க்கும் நடுவே விமானிகளின் வேலை மாறவில்லை. மாறியது ஆள் தட்டுப்பாடும், வேண்டாம் என்று சொல்ல அவர்கள் காட்டிய துணிச்சலும்தான்.

டெல்டா ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் இருந்தது. அமெரிக்கனோ யுனைடெட்டோ அதிகம் கொடுத்தால் டெல்டாவின் விகிதம் அவற்றைவிடக் குறைந்தது 1 சதவீதம் மேலே இருக்க வேண்டும். முதலில் கையெழுத்திடுபவர் பின்னால் வருபவரிடம் தோற்றுப்போகக் கூடாது என்பதற்கான காப்பு. அது எவ்வளவு முன்யோசனை என்பது சீக்கிரமே தெரிந்தது. 2023 மே மாதம் அமெரிக்கன் டெல்டாவை ஒட்டிய ஒப்பந்தத்துக்கு வந்தது. ஜூலையில் யுனைடெட் அதைவிட நல்ல ஒப்பந்தத்தை அறிவித்தது. உடனே அமெரிக்கன் தன் யோசனையில் இன்னொரு 100 கோடி டாலருக்கு மேல் சேர்த்தது. ஆகஸ்டில் அமெரிக்கன் விமானிகள் 73 சதவீத வாக்குகளில் ஏற்றார்கள், உடனடி உயர்வு 21 சதவீதம், நான்கு வருட மதிப்பு 960 கோடி டாலர். செப்டம்பரில் யுனைடெட், 82 சதவீத ஆதரவு, சுமார் 1,000 கோடி டாலர். 2024 ஜனவரியில் சவுத்வெஸ்ட், 93 சதவீத ஆதரவு, 1,200 கோடி டாலர். சவுத்வெஸ்டின் பழைய ஒப்பந்தத்துக்கு 2020 செப்டம்பரிலேயே கெடு வந்துவிட்டது. அங்கே முதல் நாள் உயர்வு மட்டும் 29.15 சதவீதம், 2028 வரை மொத்தம் 50 சதவீதம்.

கடைசியில் வந்தவர்களுக்கு அதிகம் கிடைத்தது என்று இதைப் படிக்கத் தோன்றும். நான் அப்படிப் படிக்கவில்லை. சவுத்வெஸ்ட் விமானிகள் டெல்டாவுக்குப் பத்து மாதம் பிந்தினார்கள், அந்தப் பத்து மாதமும் பழைய விகிதம். அவர்களுடைய 50இல் நான்கு வருடத்துக்கும் மேற்பட்ட உயர்வு அடங்கியிருக்கிறது. ஒரு வருடத்துக்குள் நான்கு நிறுவனங்களின் அட்டவணைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன என்பதே இங்கே முக்கியம்.

எங்கே சேர்வது

இந்த இடத்தில்தான் ஒப்பந்தக் கதை ஒரு இளம் விமானியின் முடிவோடு சேர்கிறது. 2022இல் சிறிய ஊர்களை இணைக்கும் பிராந்திய விமானம் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு இரண்டு பெரிய நிறுவனங்களில் இடம் கிடைத்திருந்தால், எந்தச் சம்பள அட்டவணை நல்லது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார். அல்லது ஒப்பந்தம் முடியட்டும், எவன் அதிகம் கொடுக்கிறான் என்று பார்த்துவிட்டுப் போவோம் என்று காத்திருப்பார். இரண்டாவது முடிவுதான் பெரிய நஷ்டம். சம்பள விகிதம் ஒரு வருடத்தில் எல்லா இடத்திலும் சமமாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு வருடத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஆயிரக்கணக்கானவர்களை வேலைக்கு எடுத்தது. காத்திருந்தவர் அத்தனை பேருக்கும் பின்னால் போய் நிற்கிறார், ஓய்வு பெறும் நாள் வரை. 65 வயதில் கட்டாய ஓய்வு என்பதால் மேலே காலியாகும் இடங்களை முன்கூட்டியே எண்ணிவிடலாம். அந்த இடங்கள் வரிசைப்படிதான் நிரம்பும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது கொடுமையானது. நிறுவனமே தள்ளாடினால் எண்ணுக்கு மதிப்பே இல்லை. ஸ்பிரிட் விமானிகள் 2023 ஜனவரியில் சராசரியாக 34 சதவீத உயர்வு வாங்கினார்கள். காகிதத்தில் டெல்டாவுக்கு நிகரான சாதனை. 2024 நவம்பரில் ஸ்பிரிட் திவால் பாதுகாப்பு கேட்டது. அதற்கு முன்பே ஆள் குறைப்பு தொடங்கிவிட்டது, கடைசியில் சேர்ந்தவர்களிலிருந்து. நல்ல ஒப்பந்தம் போட்ட நிறுவனம் அதைக் கொடுக்க உயிரோடு இருக்குமா என்பதை அட்டவணை சொல்லாது.

ஃபெடெக்ஸ் இன்னொரு வகை. நள்ளிரவில் பறக்க வேண்டும் என்றாலும் சரக்கு விமானம் ஓட்டுபவர்களுக்குச் சம்பளமும் பாதுகாப்பும் உறுதி என்ற நம்பிக்கை பல பத்தாண்டுகளாக இருந்தது. 2023 ஜூலையில் அங்கே விமானிகள் 57 சதவீத வாக்குகளில் ஒரு ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். அப்போது பயணிகள் விமானங்களில் ஆள் தட்டுப்பாடு, ஆனால் சரக்கு குறைந்து ஃபெடெக்ஸில் விமானிகள் உபரி. அந்த வருட இறுதியில் நிறுவனமே தன் விமானிகளிடம் பிஎஸ்ஏ என்ற பிராந்திய நிறுவனத்தில் வேலை இருக்கிறது, விருப்பமுள்ளவர்கள் போகலாம் என்றது. பெரிய சரக்கு விமானம் ஓட்டியவர்களுக்குச் சிறிய ஜெட் விமானத்துக்கான அழைப்பு. டெல்டா விமானிகளும் ஃபெடெக்ஸ் விமானிகளும் ஒரே மாதிரித்தான் வேண்டாம் என்று சொன்னார்கள். டெல்டாவுக்கு அன்று ஆள் தேவைப்பட்டது, ஃபெடெக்ஸுக்குத் தேவைப்படவில்லை. அதனால் ஒரு இடத்தில் பணம் வந்தது, இன்னொரு இடத்தில் காத்திருப்பு நீண்டது.

பிராந்திய நிறுவனங்களின் சம்பளம் ஏறியதையும் சொல்லியாக வேண்டும். 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் துணை விமானியின் வருடச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்பது விசாரணையில் வெளிவந்தது. நாட்டின் ஒரு கரையில் பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு மறு கரைக்கு இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். அதன் பிறகு வந்த சட்டப்படி 2013லிருந்து துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் தேவை. தட்டுப்பாட்டுக்கு இந்த விதியே காரணம் என்று நிறுவனங்கள் சொல்லும், குறைந்த சம்பளமே காரணம் என்று சங்கங்கள் சொல்லும். 2022 ஜூனில் நடந்ததைப் பார்த்தால் சங்கங்களின் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. அமெரிக்கனுக்குச் சொந்தமான பீட்மான்ட், என்வாய், பிஎஸ்ஏ மூன்றும் புதிய ஃபர்ஸ்ட் ஆபிசருக்குத் தற்காலிக ஊக்கத்தொகையும் சேர்த்து மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. கொடுக்க முடியாது என்று வருடக்கணக்கில் சொல்லப்பட்ட பணம், ஆள் இல்லாமல் விமானம் தரையில் நின்றபோது கிடைத்தது.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். இங்கே அனுபவமுள்ள கேப்டன் வேறு நிறுவனத்துக்குக் கேப்டனாகவே போகலாம், எண் அவரைக் கட்டிப்போடுவதில்லை. அதனால் கட்டிப்போடும் வேலையை நோட்டீஸ் காலம் செய்கிறது: 2017 விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருடம், துணை விமானிக்கு ஆறு மாதம். 2023இல் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் 43 விமானிகள் விலகியதால் ஆகாசா ஏர் நீதிமன்றம் போனது. வெளியேறும் உரிமை இருக்கும் இடத்திலும் அதற்கு ஒரு பூட்டு தேடப்படுகிறது.

டெல்டாவின் 2023 ஒப்பந்தத்துக்குக் கெடு 2026 டிசம்பர் 31. அந்தத் தேதி தாண்டினால் மறுபடி பழைய விகிதமே தொடரும், மத்தியஸ்த வாரியத்துக்கு மறுபடி எல்லையற்ற நேரம். வேலைநிறுத்த உரிமையை இப்போது இருப்பதுபோலவே கட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பதிலாகக் கெடு தாண்டிய மாதங்களுக்கான அரியரைச் சட்டமே கட்டாயமாக்கலாம், விலைவாசிக்கு ஏற்ற உயர்வு தானாகத் தொடங்கும்படி செய்யலாம். தாமதத்தால் மிச்சம் எதுவும் இல்லை என்றால் 38 மாதம் இழுக்க நிறுவனத்துக்குக் காரணமும் இருக்காது. அந்த 38 மாதங்களில் 65 வயதைத் தொட்டவர்கள், தங்கள் தொழில் வாழ்க்கையின் மிக உயர்ந்த சம்பளம் வாங்கியிருக்க வேண்டிய வருடங்களை 2019 விகிதத்தில் முடித்துவிட்டுப் போனார்கள்.